விக்காவைக் கற்கத் தொடங்குபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்காவைப் பற்றித் தமிழில் அறிய முற்படுபவர் செய்யும் முதல் தவறு, அதைச் 'சூனியம்' என்று மொழிபெயர்த்துக்கொள்வதுதான். நம் வழக்கில் சூனியம், செய்வினை, ஏவல் ஆகிய சொற்கள் எல்லாமே பிறருக்குக் கேடு விளைவிக்கும் செயலையே குறிக்கின்றன. சொல்லைக் கேட்டவுடன் எழுத்துப் பொறித்த தகடும் மண்ணில் புதைத்த பொம்மையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. விக்காவோ 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான ஒரு சமயம். கொம்புடைய ஆண் தெய்வத்தையும் நிலவோடு இணைத்துக் காணப்படும் தேவியையும் வணங்குவதும், பருவ மாற்றங்களை விழாக்களாகக் கொண்டாடுவதும், மரபுவழிக் குழுக்களில் தீட்சை பெறுவதும் அதன் கூறுகள். எவருக்கும் தீங்கில்லையெனில் விரும்பியதைச் செய்யலாம் என்பது அதில் பலரும் ஏற்கும் அறநெறி. மந்திரச் சடங்குகளும் அதில் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் படிப்பவர், கோயில் வாசலில் விற்கும் தாயத்தைப் பார்த்துவிட்டுக் கருவறைக்குப் போகாமலேயே திரும்புபவரை ஒத்தவர். ஆகவே 'விக்கா' என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

பேகனிசமும் விக்காவும் ஒன்றே என்று எண்ணுவது அடுத்த தவறு. 'பேகன்' என்ற சொல்லின் மூலமான லத்தீன் 'பகானுஸ்' நாட்டுப்புறத்தாரைக் குறித்தது. கிறித்தவம் பரவிய பிறகு, மதம் மாறாதவர்களைச் சுட்டும் சொல்லாக அது மாறியது. இன்று அது பல சமயங்களுக்கான பொதுப்பெயர். பண்டைய கெல்டியப் பூசாரிகளின் பெயரைக் கொண்ட ட்ரூயிட் நெறியினர், பழைய கிரேக்கக் கடவுளரை வணங்குவோர், லிதுவேனியாவின் ரோமுவா அமைப்பினர் ஆகியோரும் அதற்குள் அடங்குவர். ஐஸ்லாந்தில் 1972இல் தொடங்கப்பட்டு 1973இல் அரசின் ஏற்பைப் பெற்ற ஆசாத்ரூ அமைப்பு, ஓடின், தோர் முதலிய வட ஐரோப்பியக் கடவுளரின் மரபைப் பின்பற்றுகிறது. செய்த செயல் மும்மடங்காகத் திரும்பும் என்னும் விக்கா நம்பிக்கைக்கு அந்த மரபில் இடமில்லை. எந்த நூலைக் கையில் எடுத்தாலும், அது இவற்றுள் எந்த நெறியைப் பேசுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடக்க நிலையில் இருப்பவரை மிக அதிகமாகத் தடம் மாற்றுவது, விக்கா கற்காலம் தொட்டு இடையறாது வந்த சமயம் என்ற நம்பிக்கையாகும். இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். விக்காவை உலகறியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1884இல் பிறந்த அவர் 16 வயதில் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பின்னர் போர்னியோவிலும் மலாயாவிலும் பணியாற்றி, 1936இல் ஓய்வு பெற்று நாடு திரும்பினார். தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் 1939இல் ஒரு ரகசியக் குழு தமக்குத் தீட்சை அளித்ததாக அவர் கூறினார். பிரிட்டனின் 1735ஆம் ஆண்டு மாந்திரீகச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற நூலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் எகிப்தியவியல் அறிஞர் மார்கரெட் மர்ரே. ஐரோப்பாவில் மாந்திரீகக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டவர்கள் கிறித்தவத்துக்கு முந்தைய சமயமொன்றை மறைவாகக் காத்துவந்தவர்கள் என்று 1921இல் வாதிட்டவர் அவரே. சித்திரவதையின்கீழ்ப் பெற்ற வாக்குமூலங்களைத் தமக்கு ஏற்றவாறு பொறுக்கியெடுத்து அவர் அந்தக் கோட்பாட்டைக் கட்டியிருந்தார் என்பதைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் காட்டியதால், இன்று அதை ஆய்வுலகம் ஏற்பதில்லை.

கார்ட்னரிடம் 1953இல் தீட்சை பெற்ற டோரீன் வாலியென்டேயின் அனுபவம் இங்கே மிகவும் பொருந்தும். குழுவின் சடங்குநூலைப் படித்தபோது, அதன் பல பகுதிகள் அலெஸ்டர் க்ரௌலி என்ற மறைஞானியின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை அவர் அடையாளம் கண்டுகொண்டார். ருட்யார்ட் கிப்ளிங்கின் கவிதை வரிகள்கூட அதில் இருந்தன. வாலியென்டே அதைக் கார்ட்னரிடமே எடுத்துச் சொன்னார். பிறகு அவருடைய இசைவோடு, தாமே பல பகுதிகளைத் திருத்தி எழுதினார். இன்று விக்கர்கள் பெரிதும் போற்றும் தேவியின் உரை அவர் கைபட்டு உருவானதுதான். நூலின் மூலத்தை ஆராய்ந்து அறிந்த பிறகும் அவர் தம் சமயத்தைக் கைவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டில் உருவானது என்பதால் ஒரு சமயத்தின் மதிப்புக் குறைந்துவிடாது என்றே நான் கருதுகிறேன். ஆனால் இல்லாத தொன்மையை நம்பி உள்ளே வருபவர், உண்மை தெரியவரும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்து வீசிவிடுகிறார்.

இதனோடு ஒட்டியது, 90 லட்சம் சூனியக்காரிகள் எரித்துக் கொல்லப்பட்டனர் என்ற கணக்கு. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஒருவர் ஒரே ஊரின் ஆவணங்களை வைத்து ஐரோப்பா முழுமைக்கும் பெருக்கிப் போட்ட எண் அது. இன்றைய ஆய்வாளர்களின் மதிப்பீடு பெரும்பாலும் 40,000 முதல் 60,000 வரை. இங்கிலாந்தில் இக்குற்றத்துக்கு வழக்கமான தண்டனை தூக்கு. அமெரிக்காவின் சேலத்திலும் 1692இல் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்களே தவிர, ஒருவரும் எரிக்கப்படவில்லை. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர்கள். அவர்களை விக்காவின் தியாகிகளாகச் சித்திரிப்பது, அவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் மேல் இன்னொரு பொய்யை ஏற்றுவதாகும்.

விழாக்களைப் பற்றிய செய்திகளிலும் இதே கவனம் வேண்டும். ஆண்டுக்கு எட்டு விழாக்கள் என்ற சக்கரம் 1950களில்தான் இன்றைய வடிவைப் பெற்றது. வசந்தகாலச் சமநாளுக்கு வழங்கும் 'ஒஸ்தாரா' என்ற பெயரைப் பாருங்கள். ஆங்கிலேயத் துறவி பீட் 725இல் எழுதிய காலக்கணிப்பு நூலில், ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு, இந்தப் பெயரோடு தொடர்புடைய ஈயோஸ்டர் என்ற தேவியின் பெயர் இடப்பட்டிருந்தது என்றும், அவளுக்காக அம்மாதத்தில் விழா எடுத்தனர் என்றும் குறிப்பிடுகிறார். அந்தத் தேவியைப் பற்றி அவர் சொல்வது அவ்வளவுதான். இன்று அவளோடு இணைத்துப் பேசப்படும் முட்டையும் இல்லை, முயலும் இல்லை. இலையுதிர்காலச் சமநாளுக்கு 'மாபன்' என்ற பெயர் 1970களில் அமெரிக்காவில் சூட்டப்பட்டது. மாபன் வேல்ஸ் நாட்டுப் பழங்கதையில் வரும் ஒரு பாத்திரம். அந்தக் கதைக்கும் சமநாளுக்கும் தொடர்பு கிடையாது.

தேதிகளை அப்படியே ஒப்பிப்பதும் பயன் தராது. அக்டோபர் 31இல் வரும் சவ்வின் விழா, மேய்ச்சல் நிலத்திலிருந்து கால்நடைகளை இறக்கிக்கொண்டு வந்து குளிர்காலத்துக்குத் தயாராகும் அயர்லாந்தின் பருவத்தில் வேர்கொண்டது. ஆஸ்திரேலிய விக்கர்கள் பலர், தங்கள் பருவம் தலைகீழ் என்பதால், சக்கரத்தை ஆறு மாதம் திருப்பிக்கொள்கிறார்கள். காவிரி டெல்டாவில் இருப்பவருக்கோ அந்த நாள் வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் பச்சையாக நிற்கும் காலம். தம் கண்முன் இருக்கும் நிலத்தைப் பார்க்காமல் இறந்துபோகும் ஆண்டைப் பற்றிப் பாடுபவர், விக்கா எதைக் கவனிக்கச் சொல்கிறதோ அதையே தவறவிடுகிறார்.

வேறு சமூகங்களின் வழிபாட்டை அனுமதியின்றி எடுத்துக்கொள்வது, நமக்கு எளிதில் புரியக்கூடிய தவறு. மேலைநாட்டுப் பேகன் வட்டங்கள் சிலவற்றில் காளியின் பெயர் கிரேக்க, எகிப்தியத் தேவியரின் பெயர்களோடு வரிசையாக உச்சரிக்கப்படுகிறது. காளி கோயில் திருவிழாவில் நின்றவர்களுக்கு, அவள் வெறும் பெயராகச் சுருக்கப்படும்போது எது விட்டுப்போகிறது என்பது தெரியும். அமெரிக்கப் பழங்குடியினர் புனிதமாகக் கருதும் வெண்ணிறச் சேஜ் இலையைக் கட்டாக வாங்கி வீட்டில் புகை போடுவதற்கு முன், அவர்களுக்கும் அதே உணர்வு உண்டு என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். வணிகத்துக்காக அந்தச் செடி காடுகளிலிருந்து அளவின்றி வெட்டப்படுவது தனிக் கவலை.

பொருள்களை வாங்குவதிலிருந்து தொடங்க வேண்டாம். அதாமே எனப்படும் கறுப்புப் பிடிக் கத்தி, கிண்ணம், கோல், ஐந்துமுனை விண்மீன் பொறித்த தட்டு என்று பட்டியல் நீளும். மரபுவழிச் சடங்கில் ஒன்பது அடி விட்டமுள்ள வட்டத்தைக் கத்தி முனையால் வலஞ்சுழியாக வரைந்து, கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் நீர், வடக்கில் நிலம் என்று திசைக்கொரு பூதத்தை அழைப்பார்கள். எந்தத் திசையில் எது, ஏன் அங்கே என்று புரிந்துகொள்வதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். எரியும் மெழுகுவர்த்தியை விட்டு நகரக் கூடாது. நூலில் இருக்கிறது என்பதற்காக எந்த மூலிகை எண்ணெயையும் உட்கொள்ளக் கூடாது. புதினா வகை மூலிகையான பென்னிராயலின் எண்ணெய் போன்றவை கல்லீரலைச் சிதைத்து உயிரையே பறிக்கக்கூடியவை.

குழுவில் சேர அவசரப்படுவதே எல்லாவற்றிலும் ஆபத்தானது. கார்ட்னர் வழிவந்த மரபில் தீட்சைக்குப் பணம் வாங்கக் கூடாது என்பது நெறி. பொறுப்புள்ள குழுக்கள் 18 வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பதில்லை. அந்த மரபின் சில குழுக்களில் ஆடையின்றிச் சடங்கு செய்யும் வழக்கம் உண்டு என்பதை முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதைக் காட்டியோ உடலுறவைத் தீட்சையின் நிபந்தனையாக்கியோ வற்புறுத்தும் எவரையும், எத்தனை பெரிய குருவாகச் சொல்லப்பட்டாலும், அன்றே விட்டு விலகிவிட வேண்டும். பல குழுக்கள் புதியவரை ஓராண்டும் ஒரு நாளும் காத்திருந்து கற்கச் சொல்கின்றன. தனியாகப் படிப்பவரும் அதே கால அளவைத் தமக்கு வைத்துக்கொண்டு, இன்றிரவே நிலவு எந்த நிலையில் இருக்கிறது, எந்த மரம் பூத்திருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று நோட்டில் முதல் வரியை எழுதலாம்.