இரு முனை மாதிரிகளைக் கொண்டு மரபணுத் தொடர்பாய்வின் செலவைக் குறைத்தல்

ஒரு பண்புக்கும் மரபணு மாறுபாடுகளுக்கும் உள்ள தொடர்பைத் தேடும்போது, பண்பின் அளவில் இரு முனைகளிலும் இருப்போரை மட்டும் ஆராய்வது ஒரு முறை. பண்பை அளக்கும் செலவு குறைவாகவும், மரபணுத்தொகுதியை வரிசையறியும் (டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படித்தறியும்) செலவு மிக அதிகமாகவும் இருக்கும் ஆய்வுகளுக்கே இந்த முறை பொருந்தும். ஆயிரம் பேருக்கு, 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். கொலஸ்ட்ராலை எளிதில் அளந்துவிடலாம். ஆனால் ஆயிரம் பேரையும் வரிசையறிய நிதி போதாது என்னும் நிலையில், அளவு மிகக் குறைந்தோரையும் மிகக் கூடியோரையும் மட்டும் தேர்ந்தெடுக்கிறோம்.

பண்பு இயல்நிலைப் பரவலை (பெரும்பாலோர் சராசரியை ஒட்டியும் சிலர் மட்டும் இரு முனைகளிலும் அமையும் மணிவடிவப் பரவலை) பின்பற்றி, ஒவ்வொரு மரபணு மாறுபாட்டின் விளைவும் சிறிதாக இருக்குமாயின், ஒருவர் தரும் தகவல் சராசரியிலிருந்து அவர் விலகியிருக்கும் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். எனவே இரு முனைகளிலும் 10 விழுக்காடு வீதம் எடுத்தால், அந்த 200 பேரிடமிருந்தே மொத்தத் தகவலில் ஏறத்தாழ 65 விழுக்காடு கிடைத்துவிடும். 5 விழுக்காடு வீதம் எடுத்தால் 100 பேரிடமிருந்து 44 விழுக்காடு கிடைக்கும். நடுவில் இருப்போர் அனேகமாக மௌனமானவர்கள்.

அரிய மாறுபாடுகளைத் தேடும்போது பயன் இன்னும் தெளிவாகத் தெரியும். 2004இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் டல்லாஸ் பகுதி மக்களிடம் நடந்த டல்லாஸ் இதய ஆய்வில் பங்கேற்றோரில் எச்.டி.எல். மிகக் குறைந்த 128 பேரிடமும் மிகக் கூடிய 128 பேரிடமும் மூன்று மரபணுக்கள் வரிசையறியப்பட்டன. ஒரு குழுவில் மட்டுமே காணப்பட்ட, புரதத்தை மாற்றும் மாறுபாடுகள், குறைந்த முனையில் 16 விழுக்காட்டினரிடமும் கூடிய முனையில் 2 விழுக்காட்டினரிடமும் இருந்தன.

தரவரிசைப்படுத்துவதற்கு முன்பே வயது, பாலினம், வம்சாவளி ஆகியவற்றின் விளைவை நீக்கிவிட வேண்டும். இல்லையெனில் ஒரு முனையில் ஆண்களும் மறுமுனையில் பெண்களும் குவிந்து, நாம் தேடாத வேறுபாட்டையே கண்டுபிடிப்போம். அடுத்து, தேர்வானவர்களின் அளவை இன்னொரு நாளில் மீண்டும் எடுக்க வேண்டும். அளவீட்டுப் பிழைகளும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோரும், கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயாளிகளும் வந்து சேரும் இடமும் முனைகள்தாம் என்பதால், இச்செலவை மிச்சப்படுத்த நினைப்பது தவறு.

ஆய்வகத்தில் நேரும் ஒரு பிழையைத் தனியே சொல்ல வேண்டும். 96 குழிகள் கொண்ட தட்டு ஒன்றில் உயர்முனை மாதிரிகளையும் இன்னொன்றில் தாழ்முனை மாதிரிகளையும் நிரப்புவது வேலைக்கு வசதியாகத்தான் இருக்கும். ஆனால் பின்னர் தட்டுகளுக்கிடையிலான வேறுபாட்டையும் மரபணு வேறுபாட்டையும் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு தட்டிலும் இரு முனைகளையும் குலுக்கல் முறையில் கலந்தே நிரப்ப வேண்டும்.

பகுப்பாய்வில் இரு முனைகளையும் நோயுற்றோர், நோயற்றோர் போல இரு குழுக்களாகக் கொண்டு ஒப்பிடலாம். ஆனால் தேர்ந்தெடுத்த மாதிரிகளின் மூல அளவுகளைச் சாதாரணத் தொடர்புப்போக்கு (regression) கணக்கில் இட்டால் விளைவின் அளவு மிகைப்பட்டுத் தோன்றும். ஆகவே, கண்டறிந்த சில மாறுபாடுகளை மட்டும், மலிவான சோதனை மூலம், நடுவில் விட்டுவைத்த 800 பேரிடமும் பார்த்து, ஆயிரம் பேரையும் சேர்த்தே விளைவின் அளவைக் கணிக்க வேண்டும். அந்த 800 பேரின் இரத்த மாதிரிகளை உறைநிலையில் காத்துவைக்க வேண்டியதும் இதற்காகவே.