வலி மாத்திரை நஞ்சில் ஈ.ஈ.ஜி.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு, கண்மணி ஊசிமுனையளவாகச் சுருங்கி, மூச்சு நிமிடத்துக்கு ஐந்தாறாகக் குறைந்த நிலையில் ஓர் இளைஞரை 108 வண்டியில் பாளையங்கோட்டை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், ஈ.ஈ.ஜி. என்னும் மூளை மின் அலைப் பதிவுக்காகக் காத்திருப்பது முதல் தவறாகும். மூச்சுக்கு உதவுவதும், ஓபியாய்டின் பிடியை முறிக்கும் மருந்தான நலாக்சோனைச் செலுத்துவதுமே முந்த வேண்டும். மூச்சு சீரான பிறகும் நினைவு திரும்பாதபோதுதான் ஈ.ஈ.ஜி.க்கு வேலை வருகிறது.

அந்தப் பதிவில், நொடிக்கு 8 முதல் 13 வரை ஓடும் ஆல்ஃபா மறைந்து, 4-க்கும் குறைந்த டெல்டா அலைகள் நிறைந்திருப்பதைக் கண்டதும் 'மூளை போய்விட்டது' என்று வீட்டாரிடம் சொல்லிவிடுவதே, என் கணிப்பில், எல்லாவற்றிலும் கொடிய தவறு. மூளையில் ஓர் உயிரணுவும் சாகாத நிலையிலும் ஓபியாய்டு மருந்து அலைகளை இப்படி மந்தமாக்கும். மருந்தின் பிடி தளர்ந்தால் அவை மீளும். ஆக்ஸிஜன் இல்லாமல் நெடுநேரம் கிடந்த மூளையிலோ பதிவு தட்டையாகிவிடலாம், அல்லது அலைகள் திடீரென வெடித்து எழுவதும் அடங்குவதுமாக மாறிமாறி வரலாம். ஆனால் ஆழ்ந்த மயக்க மருந்துகளும் அதே கோலத்தைக் காட்டக்கூடும் என்பதால், ஒரே பதிவைக் கொண்டு தீர்ப்பு எழுதலாகாது. "ஏல ராசா, அம்மா வந்திருக்கேன், கண்ண முழில" என்று தாய் காதருகே கூப்பிடும் நொடியில் அலை மாறுகிறதா என்று பார்க்காத பதிவு பாதிப் பதிவுதான்.

நம் ஊர் வெயிலையும் மறந்துவிடக் கூடாது. தலைத்தோலின் வியர்வை, மெல்ல ஏறி இறங்கும் பொய் அலையாகப் பதிவாகி, டெல்டாவாக மயக்கும். எண்ணெய்த் தலையைத் துடைக்காமல் மின்முனையை ஒட்டினால் தொடுமுனையின் மின்தடை கூடி, 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் உள்ளே நுழைந்துவிடும்.

ஓபியாய்டு மூளையை அடக்கத்தான் செய்யும், வலிப்பு வராது என்று நம்புவதும் பிழை. டிரமடால் என்னும் ஓபியாய்டு வலிப்பைத் தூண்டும். பெத்திடின் என்னும் இன்னோர் ஓபியாய்டின் சிதைபொருள் சிறுநீரகம் பழுதானவரிடம் தேங்கி வலிப்பைக் கொண்டுவரும், அதை நலாக்சோன் நிறுத்தாது. அதற்காக, வெடுக்கென்று கை துள்ளுவதையும் ஃபென்டனிலால் மார்பு விறைப்பதையும் பார்த்த மாத்திரத்தில் வலிப்பென்று எழுதிவிடவும் கூடாது.

நலாக்சோன் ஏறக்குறைய 30 முதல் 90 நிமிடம் வரைதான் தாங்கும். மெத்தடோன் என்னும் ஓபியாய்டோ ஒரு நாளுக்கு மேலும் உடலில் நிற்கும். விழித்துப் பேசியவர் மறுபடி ஆழ்ந்துவிடலாம் என்பதால், ஊசி போட்ட நேரத்தைப் பதிவின் ஓரத்திலேயே டெக்னீஷியன் குறித்துவைக்க வேண்டும்.