ஊராட்சிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பொறுப்பேற்ற ஊராட்சிச் செயலர்களின் பதிவேடுகளைப் புரட்டும்போதெல்லாம், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளே வேறு கையெழுத்தில் இருப்பதைக் காண்கிறேன். ரசீது போடாமல் வரி வாங்குவது, ரொக்கப் புத்தகத்தை அன்றன்று முடிக்காமல் விடுவது போன்றவை முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லப்படுவதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

கேட்பைத் திருத்தாமல் வசூலைக் கொண்டாடுவது

வீட்டு வரிக் கணக்கு கேட்பு (அந்த ஆண்டு வரவேண்டிய மொத்த வரி), வசூல், நிலுவை என்ற மூன்று எண்களில் நிற்கிறது. ஆய்வுக் கூட்டங்களில் வசூல் சதவீதத்தை மட்டுமே கேட்பதால், நாமும் அதையே துரத்துகிறோம். என் முதல் ஆண்டில் முழு வசூல் காட்டிப் பாராட்டும் பெற்றேன். அடுத்த மாதம் குழாய் உடைப்பைப் பார்க்க ஊரின் கிழக்கே புதிதாக உருவான தெருவுக்குப் போனபோதுதான், அங்கிருந்த மாடி வீடுகளில் ஒன்றுகூட என் பதிவேட்டில் இல்லை என்பது தெரிந்தது. எனக்கு முன்னிருந்தவர் முந்தைய ஆண்டின் கேட்பை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தார். நானும் அதையே செய்திருந்தேன். பதிவேட்டில் 400 வீடுகளும் ஊரில் 600 வீடுகளும் இருந்தால், நூறு சதவீத வசூல் என்பது மூன்றில் இரண்டு பங்கு வீடுகளின் வரிதான்.

இன்றுவரை என்னை வருத்துவது இழந்த பணம் மட்டுமன்று. ஓட்டு வீட்டில் இருந்த மூதாட்டி ஆண்டுதோறும் தவறாமல் கட்டிய வரியில்தான் அந்தப் புதுத் தெருவின் விளக்குகளும் எரிந்தன. தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 2022இல் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டபோதும், வரி விதிப்பில் வராத கட்டடத்தை அந்த உயர்வு தொடவில்லை. ஏற்கெனவே கட்டிவந்தவர்களே கூடுதலாகக் கட்டினார்கள்.

ஆகவே ஏப்ரலுக்கு முன்பே கட்டட அனுமதிப் பதிவேட்டையும் குடிநீர் இணைப்புப் பட்டியலையும் வரி விதிப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு தெருத்தெருவாக நடந்து, புதிதாக எழுந்த மாடிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போட்டால், "இத்தனை வருசம் கேட்காத வரியை இப்ப மட்டும் ஏன் கேக்குறீங்க?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

நிபந்தனை மானியத்தைப் பொது நிதியாக எண்ணுவது

2021-26 காலத்துக்கு 15ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஒன்றிய அரசு தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்ற நிபந்தனையோடு ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்றாலும், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது. மானியம் முழுவதையும் சிமெண்ட் சாலைக்கே ஒதுக்கித் தீர்மானம் போட்ட ஓர் ஊராட்சியில், அதை மாற்றி எழுதி அனுமதி வாங்குவதற்குள் கோடையே முடிந்துவிட்டது.

நூலக வரியை வருவாயில் சேர்ப்பது

வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் வசூலாகும் அந்தப் பணம் நூலக ஆணைக்குழுவுக்கு உரியது.

அளவெடுக்காத வேலைக்குப் பணப்பட்டியல்

எவர் வற்புறுத்தினாலும் வேண்டாம்.

மோட்டாரின் விலையை மட்டும் பார்ப்பது

ஆழ்துளைக் கிணறு அமைக்க மானியம் வந்துவிடும். மாதந்தோறும் மின்கட்டணம், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவு, தொட்டி இயக்குபவரின் சம்பளம் ஆகியவை அதன் பின்னால் வந்துகொண்டே இருக்கும். இவற்றை எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது என்பதைக் கிணற்றுக்கான தீர்மானத்திலேயே எழுதிவையுங்கள்.