ரேடியோல ஒரு விலை, பேஸ்புக்ல இன்னொரு விலை: டர்பன் கடைக்காரங்க தவிர்க்க வேண்டிய விளம்பரத் தவறுகள்

தீபாவளி நெருங்கினா தென்னாப்பிரிக்காவுல, டர்பன் நகரத்துல சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கற நம்ம புடவைக் கடை, மசாலா கடைக்காரங்க எல்லாம் விளம்பரத்துக்குக் காசு ஒதுக்குவாங்க, இங்க இந்தியர்களுக்கான ரேடியோவான லோட்டஸ் எஃப்எம்ல ஒரு ஸ்பாட், 'போஸ்ட்'ங்கற நம்ம பேப்பர்ல கால் பக்கம், மிச்சம் இருக்கறது பேஸ்புக்குக்கு. எல்லா இடத்துலயும் நம்ம பேர் வரணும்னு நினைக்கறது சரிதான். ஆனா ரேடியோவும் பேப்பரும் அப்பா பொறுப்பு, பேஸ்புக்கும் வாட்ஸ்ஆப்பும் பையன் பொறுப்புன்னு பிரிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் உக்காந்து பேசறதே இல்ல, பெரிய தப்பே இங்கதான். ரேடியோல 20 சதவீதம் தள்ளுபடின்னு சொல்லுது, பேஸ்புக் பக்கத்துல போன மாச ஆஃபர் இன்னும் மேலயே நிக்குது. ரேடியோ கேட்ட ஆன்ட்டி நேரா கடைக்கு வர்றதில்ல, மகள்கிட்ட சொல்லி போன்ல தேடச் சொல்றாங்க. அங்க வேற விலை இருந்தா யாரு நம்புவா? விளம்பரம் ஓடறதுக்கு முன்னாடியே ஆஃபர், போன் நம்பர், கடை திறக்கற நேரம் எல்லாம் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கான்னு ஒருத்தர் உக்காந்து பாக்கணும், கூகுள் மேப்ல இருக்கற நேரத்தையும் சேத்துத்தான்.

அடுத்தது, பேப்பருக்குச் செஞ்ச டிசைனை அப்படியே எல்லாத்துலயும் போடறது. என்2 நெடுஞ்சாலைல வண்டி 120 கிலோமீட்டர் வேகத்துல போகுது, அதாவது ஒரு செகண்டுக்கு 33 மீட்டர், அங்க போர்டுல க்யூஆர் கோடு வச்சா யாரு ஸ்கேன் பண்ணுவா, பண்ணினாலும் ஆபத்து. அங்க கடை பேரும் எந்த எக்ஸிட்டுன்னும் மட்டும் போதும். ரேடியோல நீளமா வெப்சைட் அட்ரஸ் படிக்கறதும் வீண்.

க்யூஆர் கோடு வேலை செய்யற இடம் கையில பிடிக்கற நோட்டீஸ், கல்லா மேசை, கோயில் ஹால் வாசல். நிக்கற தூரத்துல பத்துல ஒரு பங்கு அகலம் இருக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, 2 மீட்டர் தள்ளி நின்னு ஸ்கேன் பண்ணணும்னா 20 சென்டிமீட்டர். அதைத் திறந்தா பெரிய வீடியோ ஓடக்கூடாது, ப்ரீபெய்டு டேட்டா வச்சிருக்கறவங்க உடனே மூடிடுவாங்க. நேரா வாட்ஸ்ஆப் சாட் திறக்கற மாதிரி லிங்க் குடுங்க. அந்த லிங்க்லயே மெசேஜை முன்னாடியே எழுதி வைக்கலாம், பேப்பர்ல போடற க்யூஆர் கோடுக்கு "பேப்பர்ல பாத்தேன்", கோயில் நோட்டீஸுக்கு "கோயில்ல பாத்தேன்"னு. அவங்க அனுப்பு பட்டனை அழுத்தினா போதும், எங்கேருந்து வர்றாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். இதுக்குச் செலவே கிடையாது, ஆனா செய்யற கடை ரொம்பக் கம்மி, எனக்கு இது பெரிய வருத்தம்.

வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட், அதாவது ஒரே மெசேஜை ஒரு லிஸ்ட்ல இருக்கற எல்லாருக்கும் தனித்தனியா அனுப்பற வசதி, அந்த விஷயமும் அப்படித்தான். ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும்தான் சேக்கலாம், அதுலயும் உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் மெசேஜ் போகும். அதனால பில் போடும்போதே "எங்க நம்பரை சேவ் பண்ணிக்குங்க, ஆஃபர் அனுப்பறோம்"னு நேர்ல கேளுங்க, நோட்டீஸ்லயும் போடுங்க. கல்யாண லிஸ்ட், கோயில் நன்கொடை லிஸ்ட்லேருந்து நம்பரை எடுத்து அனுப்பறதை மட்டும் செய்யவே செய்யாதீங்க. தனிநபர் தகவலைப் பாதுகாக்கற போப்பியா சட்டம் 2021 ஜூலை 1லேருந்து முழுசா அமல்ல இருக்கு, சம்மதம் இல்லாம புது ஆளுக்கு விளம்பர மெசேஜ் அனுப்பறது தப்பு.

சாப்பாட்டுக் கடைக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. பேஸ்புக்ல பல வாரத்துக்கு முன்னாடியே போஸ்டை ஷெட்யூல் பண்ணிட்டு மறந்துடறாங்க, புரட்டாசி வந்துடுது, நம்ம வீடுகள்ல விரதம் ஓடிட்டிருக்கு, பேப்பர்ல பீன்ஸ் 'பன்னி சௌ' (குடைஞ்ச பிரெட்டுக்குள்ள குழம்பு நிரப்பற டர்பன் சாப்பாடு) விளம்பரம், பேஸ்புக்ல அதே கடையோட மட்டன் கறி. செப்டம்பர் நடுவுலேருந்து அக்டோபர் நடு வரைக்கும் என்னென்ன ஷெட்யூல்ல கெடக்குன்னு திறந்து பாருங்க.

லைக் வரலன்னு பேப்பரையும் ரேடியோவையும் நிறுத்தறவங்களும் இருக்காங்க. ரேடியோ கேட்டுட்டு வர்ற தாத்தா பாட்டி லைக் போட மாட்டாங்க, ஆனா குடும்பத்துக்கே துணி எடுக்கறது அவங்க காசுல. கல்லாவுல ஒரு நோட்டுப் புத்தகம் வச்சு, எங்க கேட்டு வந்தீங்கன்னு கேட்டு, ரேடியோ, பேப்பர்னு அந்தந்தப் பேருக்கு நேரா பேனாவால ஒரு கோடு கிழிங்க, தீபாவளி முடிஞ்ச வாரம் அதைப் பாத்துட்டு அடுத்த வருஷம் எங்க காசு போடறதுன்னு முடிவு பண்ணுங்க.