வினைச்சொற்களை வலக்கோடிக்கு நகர்த்தியபோது

பேச இயலாத என் மகள் படக்குறியீடுகளைத் தொட்டுப் பேசும் கைக்கணினியில், எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் ஆங்கில வரிசையிலேயே கட்டங்கள் அமைந்திருந்ததால், ‘எனக்குப் பந்து வேண்டும்’ என்று சொல்ல அவள் விரல் வலக்கோடிவரை போய் மீண்டும் நடுவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வாயால் பேசுவோர் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் பேசுகையில், இத்தகைய கருவியில் பெரும்பாலும் 15 சொற்களைக்கூட எட்ட முடிவதில்லை. ஆகவே வினைகளை வலக்கோடிக்கு நகர்த்தினேன். அதன்பின் எந்தக் கட்டத்தையும் இடம் மாற்றவில்லை. முதல் வாரம் எரிச்சலுற்றுக் கருவியைத் தள்ளிவிட்டாள் (பழைய இடங்கள் விரலில் பதியும்வரை காத்திருந்தது என் பிழை). ‘பிறகு’ என்பதற்கான அம்புக்குறி அவளுக்குப் ‘போ’ என்றே பட்டதால், அதற்கு மட்டும் அவளே கிறுக்கிய படத்தை வைத்தோம். மூன்றாம் மாதத்தில் ‘வேண்டும்’ கட்டத்தைப் பார்க்காமலே தொட்டாள்.