கூப்பிட்டால் வரும் கன்சல்டன்ட்: மழைக்கு முன்பே ஆள் பிடிப்பது எப்படி?

நவம்பர் மாதம், இரவு பத்தரை மணி. புறநகரில் ஒரு பேருந்துச் சாலை. மேன்ஹோலுக்குப் பக்கத்தில் தார் ரோடு ஒரு கட்டில் அகலத்துக்கு இறங்கிவிட்டது. சுற்றிலும் பேரிகேடு வைத்தாயிற்று. பம்பிங் ஸ்டேஷனுக்கும் தகவல் சொல்லியாயிற்று. மேல்பக்க மேன்ஹோலில் சூப்பர் சக்கர் லாரி உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்த எங்கள் இ.இ. (செயற்பொறியாளர்) ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பக்கத்துக் கட்டடத்தோட அஸ்திவாரம் தாங்குமா? இதைச் சொல்ல யாரைக் கூப்பிடறது?"

கூப்பிட யாரும் இல்லை. மறுநாள் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அமர்த்தக் கோப்பு போட்டோம், மூன்று கொட்டேஷன் வாங்கினோம், நிதிப் பிரிவு இரண்டு சந்தேகம் கேட்டது. ஒப்புதல் வந்தபோது பொங்கல் முடிந்திருந்தது. அதுவரை அந்தத் தெருவில் பேருந்து போகவில்லை. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வேறு எந்த அலுவலகத்திலும் இதே கதை நடந்திருக்கலாம்.

மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அது மாதிரி பெரிய வாரியத்திலோ, சுற்றியுள்ள மாநகராட்சி, நகராட்சியிலோ புதிதாக ஏ.இ.யாக (உதவிப் பொறியாளராக) சேர்ந்து, "கன்சல்டன்ட் ஃபைலை நீங்க பாருங்க" என்று மேசையில் கட்டு வைக்கப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இது என்ன ஒப்பந்தம்?

பெரிய திட்டத்துக்கு டி.பி.ஆர். (விரிவான திட்ட அறிக்கை) தயாரிக்க ஆள் எடுப்பது வேறு. அங்கே வேலை என்ன என்று முன்பே தெரியும். இங்கே என்ன உடையும், எப்போது உடையும் என்று தெரியாது. ஆகவே ஆளையும் நாள் ரேட்டையும் நிபந்தனைகளையும் முன்கூட்டியே முடிவு செய்து ஒரு தாய் ஒப்பந்தம் போட்டுவிடுகிறோம். தேவை வரும்போது அதன் கீழ் சின்னச் சின்னப் பணி ஆணைகள். வேலை வராவிட்டால் பணமும் கிடையாது. மத்திய நிதி அமைச்சகத்தின் ஆலோசனைச் சேவைக் கொள்முதல் கையேட்டிலும் இந்த வகை ஒப்பந்தத்துக்கு இடம் உண்டு.

பலர் இதை எம்பேனல்மென்ட்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். எம்பேனல்மென்ட் என்பது பெயர்ப் பட்டியல் மட்டும். அதில் ரேட் இல்லை, எத்தனை மணி நேரத்தில் வரவேண்டும் என்றும் இல்லை. பட்டியலில் பதினைந்து பேர் இருந்தும் ராத்திரியில் ஒருவரும் போனை எடுக்காமல் போகலாம்.

முதலில் புகார் நோட்டைப் புரட்டுங்கள்

டெண்டர் ஆவணம் எழுத உட்காருவதற்கு முன் பகுதி அலுவலகங்களான டெப்போக்களுக்குப் போய் மூன்று வருடப் புகார் நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். டீ கறை படிந்த அந்த நோட்டில் இருப்பது கம்ப்யூட்டர் அறிக்கையில் இருக்காது. "மறுபடியும் அதே இடம்" என்று யாரோ பேனாவால் அடிக்கோடிட்டிருப்பார்கள். அந்த அடிக்கோடுதான் உங்களுக்கு வேண்டும்.

சென்னையில் ஏன் இப்படிச் சாலை இறங்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். யாரைத் தேடுவது என்பதை அதுவே சொல்லிவிடும். நம் ஊர் தட்டை. கழிவுநீர் தானாகச் சரிவில் வெகுதூரம் ஓடாது, கட்டம் கட்டமாக பம்ப் செய்துதான் கொடுங்கையூர், பெருங்குடி மாதிரி சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டம் மந்தமான இடத்தில் கழிவு தேங்கி ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. குழாயின் மேல்பக்க ஈரத்தில் இருக்கும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்ற, கான்கிரீட்டின் உச்சி கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுகிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறியதும் சுற்றியுள்ள மணல் ஓட்டை வழியாகக் குழாய்க்குள் இறங்கிவிடும். மேலே தார் மட்டும் பாலம் மாதிரி நிற்கும், ஒரு பேருந்தின் பின்சக்கரம் ஏறும் வரை.

ஆக, இந்த ஒரு விபத்துக்கே கட்டமைப்பு, மண், குழாய் ஓட்டக் கணக்கு என்று மூன்று துறை ஆட்கள் வேண்டும். பம்பிங் ஸ்டேஷன் பேனல் எரிந்தால் எலக்ட்ரிக்கல் ஆள். சுத்திகரிப்பு நிலையத்தில் நுரை பொங்கினால் ப்ராசஸ் தெரிந்தவர். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் இருப்பது போல நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்காக ஆர்.ஓ. (மெம்பிரேன் எனும் சவ்வு வழியாக வடிகட்டுவது) வரை சுத்திகரிக்கும் நிலையம் உங்களிடம் இருந்தால், மெம்பிரேன் அறிந்த ஆள் தனி. எல்லாத் துறையையும் ஒரே நிறுவனத்திடம் கொடுக்க ஆசை வரும். கொடுக்காதீர்கள். பாதி வேலையை அவர்கள் வெளியே கைமாற்றிவிடுவார்கள்.

தொகை, காலம்

இரண்டு வருடம், திருப்தியாக இருந்தால் இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு என்று வைக்கலாம். மொத்த உச்சவரம்பு ஒன்று, ஒரு பணி ஆணைக்கு உச்சவரம்பு ஒன்று, இரண்டையும் எழுதுங்கள். இரண்டாவது இல்லாவிட்டால் ஐம்பது லட்ச ரூபாய் வடிவமைப்பு வேலையைத் துண்டு போட்டு இந்த வழியில் அனுப்பச் சொல்லி மேலிருந்து வாய்மொழியாகச் சொல்வார்கள். ஆடிட் வரும்போது சொன்னவர் மாற்றலாகிப் போயிருப்பார், நோட் போட்டவர் நீங்கள்.

துறைக்கு இரண்டு நிறுவனம் போதும். வேலையைச் சுற்றுமுறையில் பிரிக்கலாம். அவசரத்தில் முதல் ஆள் ஒரு மணி நேரத்தில் பதில் தராவிட்டால் இரண்டாவது ஆளுக்குப் போகலாம் என்பதையும் ஆவணத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ரேட் கேட்பதில் இருக்கும் பொறி

நாங்கள் ஒருமுறை நன்றாக ஏமாந்த இடம் இது. ஐந்து பதவிக்கும் நாள் ரேட் கேட்டோம், ஐந்தையும் கூட்டினோம், கூட்டுத்தொகை குறைந்தவருக்கு வேலை கொடுத்தோம். அந்த நிறுவனம் தலைமை நிபுணருக்கு அடிமாட்டு ரேட்டும், இளநிலைப் பொறியாளருக்கு ஏகப்பட்ட ரேட்டும் போட்டிருந்தது. பிறகு வந்த பில் ஒவ்வொன்றிலும் இளநிலைப் பொறியாளர்தான் இருந்தார். நிபுணரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

சரி, இதற்கு வழி என்ன? ஒரு மாதிரிக் கூடையை நீங்களே கட்டிக் கொடுங்கள்: மூத்த பொறியாளர் 100 நாள், நடுநிலைப் பொறியாளர் 200 நாள், வரைவாளர் 150 நாள். ரேட்டை இந்த நாட்களால் பெருக்கி வரும் தொகையை மட்டும் ஒப்பிடுவோம் என்று எழுதுங்கள். நாள் எண்ணிக்கையைப் புகார் நோட்டிலிருந்தும் பழைய பில்களிலிருந்தும் எடுத்தால் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

கற்பனையாக ஒரு கணக்கு. முதல் நிறுவனம் 12,000, 7,000, 3,000 என்று ரேட் போடுகிறது. கூடைத் தொகை 30,50,000 ரூபாய். இரண்டாவது 15,000, 6,500, 2,500. தொகை 31,75,000. எல்-1, அதாவது குறைந்த விலை மட்டும் பார்த்தால் முதல் நிறுவனம்தான் ஜெயிக்கும்.

இப்போது தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று எடை வைத்துப் பாருங்கள். தொழில்நுட்ப மதிப்பெண் முதலாமவருக்கு 78, இரண்டாமவருக்கு 88 என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர்: 78-இல் எழுபது சதவீதம் 54.6, குறைந்த விலைக்கு முழு 30, ஆக 84.6. இரண்டாமவர்: 61.6. விலைக்கு 30.5-ஐ 31.75-ஆல் வகுத்து முப்பதால் பெருக்கினால் 28.8. மொத்தம் 90.4. ஒன்றேகால் லட்சம் அதிகம் கொடுத்து நல்ல ஆளை எடுக்கிறோம், அதற்கான காரணமும் கோப்பில் எண்ணாக இருக்கிறது. பம்ப் வாங்க எல்-1 சரி. அஸ்திவாரம் தாங்குமா என்று சொல்லும் ஆளை அப்படி எடுக்க எனக்கு மனம் வராது.

தொழில்நுட்ப மதிப்பெண்ணில் நிறுவனத்தின் டர்ன்ஓவருக்கு அள்ளிக் கொடுக்காதீர்கள். பெரும்பங்கு பெயர் சொல்லி நியமிக்கப்படும் ஆட்களுக்குப் போகட்டும். அவர்களையே நேரில் அழைத்து, நிஜமாக நடந்த ஒரு சம்பவத்தின் படத்தை மேசையில் வைத்து "நீங்கள் என்றால் முதல் மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பவர்பாயிண்ட் வேண்டாம். ஒருவர் மழைநீர் வடிகால் வரைபடம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு மதிப்பெண் போட எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

டெண்டர் விடுவது

இந்தப் பகுதியை உங்கள் கணக்குப் பிரிவு உங்களைவிட நன்றாகச் செய்யும். மாநில நிதி என்றால் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998, அதன் 2000-ஆம் ஆண்டு விதிகள். மத்திய நிதி என்றால் பொது நிதி விதிகள் 2017. உலக வங்கி மாதிரி வெளிக்கடன் என்றால் அவர்கள் விதி. தொழில்நுட்பம் ஒரு கவர், விலை ஒரு கவர். மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்ட பிறகே விலைக் கவர். டெண்டர் போடுவதற்கு முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தில் கேட்ட கேள்விகளுக்கு எல்லோருக்கும் ஒரே பதிலை எழுத்தில் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் விட்டுவிடக் கூடாதவை

பெயர் குறிப்பிட்ட பொறியாளர் மாறினால், அதே தகுதியுள்ள ஆளை உங்கள் எழுத்து ஒப்புதலோடுதான் போடவேண்டும். போனில் ஒரு மணி நேரம், களத்தில் நான்கு மணி நேரம், இது ஞாயிற்றுக்கிழமைக்கும் தீபாவளிக்கும் சேர்த்து. தொழில்முறைப் பிழைக்கான காப்பீடு வேண்டும். வரைபடங்கள் உங்களுக்குச் சொந்தம், அதுவும் திருத்தக்கூடிய ஆட்டோகேட் கோப்பாக. பி.டி.எஃப். மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வருடம் அதையே மறுபடி வரையக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், முரண்பட்ட நலன். சென்னையில் இந்த வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இன்று உங்களுக்கு ஆலோசனை சொல்பவர் நேற்று அதே வேலையின் ஒப்பந்ததாரருக்கு வரைபடம் போட்டிருப்பார். ஆகவே ஒப்பந்தத்தில் ஒருமுறை எழுதி வாங்கினால் போதாது, ஒவ்வொரு பணி ஆணைக்கும் தனி உறுதிமொழி வாங்குங்கள்.

பாதுகாப்பில் சமரசமே கிடையாது. ஆய்வு என்ற பெயரில் யாரையும் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது. குழாய்க்குள் பார்க்க கேமரா இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கே மரத்துவிடும். "நாற்றம் வரலை சார்" என்று ஒருவர் சொன்னால் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பணி ஆணை எழுதுவது

தாய் ஒப்பந்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காசு வீணாவது இங்கேதான். "மேற்படி சாலை உள்வாங்கியது குறித்து ஆய்வு செய்து அறிக்கை சமர்ப்பிக்கவும்" என்று ஒரு வரியில் ஆணை போட்டால், அறுபது பக்க அறிக்கை வரும். முதல் இருபது பக்கம் சென்னையின் தட்பவெப்பம். அஸ்திவாரத்தைப் பற்றி ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில் "மேலும் ஆய்வு தேவை" என்று இருக்கும்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"இடம்: மேன்ஹோல் 14-க்கும் 15-க்கும் நடுவே, 600 மி.மீ. கான்கிரீட் குழாய், 30 மீட்டர். பள்ளம் 15-இலிருந்து 4 மீட்டரில். கேள்வி: பக்கத்துக் கட்டடத்தில் ஆட்கள் இருக்கலாமா? பள்ளத்தை எதைக் கொண்டு, எந்த வரிசையில் நிரப்புவது? குழாயை மாற்ற வேண்டுமா, உள்ளே லைனிங் போதுமா? தரவேண்டியது: முதல் கேள்விக்கு 24 மணி நேரத்தில் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். மற்றவற்றுக்கு 10 நாளில் வரைபடத்தோடு பரிந்துரை. நாங்கள் தருவது: கேமரா பதிவு, பழைய வரைபடம், பம்பிங் நேரப் பதிவேடு. ஆள்: மூத்தவர் 3 நாள், நடுநிலை 6 நாள், வரைவாளர் 4 நாள். உச்சத் தொகை 94,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி."

மேலே சொன்ன இரண்டாவது நிறுவனத்தின் ரேட்டில்தான் இந்தத் தொகை வருகிறது, நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். உச்சத் தொகையில் முக்கால்வாசி செலவானதும் அவர்களே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். கேள்விகளை உங்களால் எழுத முடியவில்லை என்றால் பிரச்சினை உங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை. அப்போது அரை நாள் கள ஆய்வுக்கு மட்டும் ஆணை போடுங்கள்.

பில்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாள்வாரி வருகைத் தாள் இல்லாமல் பாஸ் செய்யாதீர்கள், வந்த பில்லை மேசை டிராயரில் மாதக்கணக்கில் ஊறவும் போடாதீர்கள். பணம் தாமதிக்கிற அலுவலகத்தின் போனை அடுத்த மழைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

எப்போது தொடங்குவது?

தை பிறந்ததும் கோப்பு, ஆடிக்குள் கையெழுத்து. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சின்ன வேலையைக் கொடுத்து ஒத்திகை பாருங்கள். பம்ப் ஹவுஸ் பேனல் ஆய்வு மாதிரி ஏதாவது. இரண்டு மூன்று நாள் வேலைதான், ஆனால் யார் நேரில் வருகிறார்கள், யார் உதவியாளரை அனுப்புகிறார்கள், யாருடைய கடிதம் நம் களப்பணியாளரான லஸ்கருக்கும் புரிகிறது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, ஒப்பந்தத்தில் பெயர் இருக்கும் பொறியாளருக்கு நீங்களே போன் போடுங்கள். ஒத்திகைதான் என்று சொல்லிவிட்டு, எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதைக் கோப்பில் குறித்து வையுங்கள்.