சீசனுக்கு முன் ஜெட் ஸ்கியைத் தயார் செய்தது: என் அனுபவம்

குளிர்காலம் முழுக்கக் கவர் போட்டு நின்ற ஜெட் ஸ்கி (தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர்), ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்றது, அவ்வளவுதான். எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிப்பார்கள். மல்டிமீட்டர் 12.7 வோல்ட் காட்டியது, அதாவது முழு சார்ஜ். பட்டனை அழுத்தும்போதும் அது அசையவில்லை. அப்படியென்றால் இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. இன்ஜினில் இணையும் நெகட்டிவ் கேபிளைக் கழற்றினேன், முனையெங்கும் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவினேன். சுற்ற ஆரம்பித்துவிட்டது.

ஆனால் ஒழுங்காக ஓடவில்லை, புகை வேறு. துருப்பிடிக்காமலிருக்க சிலிண்டரில் தெளித்து வைத்திருந்த ஆயில் ஸ்பார்க் பிளக்குகளை நனைத்திருந்தது. புதிய பிளக், புதிய பெட்ரோல். சரி.

தரையில் வைத்து ஓட்டும்போது வரிசை முக்கியம். முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும், அப்புறம் அதைக் குளிர்விக்கும் குழாய்த் தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இன்ஜின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். அப்புறம் செலவு தாங்காது. தண்ணீர் இல்லாமல் சில நொடிகளுக்கு மேல் ஓட விடவும் கூடாது, பின்பக்க ஷாஃப்ட்டின் சீல் சூடாகிவிடும்.

தண்ணீரைப் பின்னால் தள்ளும் விசிறியான இம்பெல்லரில் மீன்பிடி நரம்பு சுற்றியிருந்தது. கிரில்லைக் கழற்றி வெட்டி எடுத்தேன், பேட்டரி கேபிளைத் துண்டித்துவிட்டுத்தான். பிறகு உள்ளே தேங்கும் தண்ணீரை வடிக்கும் துளைகளின் மூடிகளான டிரெயின் பிளக்குகளை முடுக்கி, கேபிளை மறுபடி மாட்டி இன்ஜினை ஓட விட்டு, ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். இன்ஜின் உடனே நின்றது.